ஃபோர்க்கில் ஒன்றுமில்லை

முதல் தடவை புழுதி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அதில் உண்மையிலேயே கோளாறு இருந்தது. அதனால்தான் அதற்குப் பிறகு அவன் சொன்னதையெல்லாம் தங்கை நம்பினாள்.

"முன்னாடி இடது பக்கமா இழுக்குது. ஃபோர்க்க கொஞ்சம் பாரு," என்றான்.

மண் தடத்தில் ஓட்டுகிற ரேஸ் வண்டி அது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிற நீளமான இரண்டு கால்களைத்தான் ஃபோர்க் என்பார்கள். குழாய்க்குள் குழாய், உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். வண்டி மேட்டிலிருந்து எகிறி விழும்போது அந்த அடியையெல்லாம் வாங்கிக்கொள்வது அதுதான். தங்கை குனிந்து பார்த்தாள். இடது காலில் எண்ணெய் கசிந்து, அதில் மண் ஒட்டி, களிம்பு பூசினதுபோல இருந்தது.

"சீல் போயிருக்கு அண்ணா. எத்தனை நாளா இப்படியே ஓட்டிக்கிட்டு இருக்க?"

"ஓட்டறவனுக்கு அதெல்லாம் பார்க்க நேரமேது? அதுக்குத்தானே நீ இருக்க."

தடத்தில் அவனுக்குப் புழுதி என்று பெயர். பின்னால் வருகிறவர்களுக்கு அவன் முகம் தெரியாது, அவன் கிளப்பிவிட்ட புழுதிதான் தெரியும் என்று யாரோ கிண்டலுக்கு வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. தங்கையை அவன் ஸ்பானர் என்று கூப்பிடுவான். டயர் கடைக்கும் ஒரு தகரக் கிடங்குக்கும் நடுவே அவள் பட்டறை இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அவளிடமே வந்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். "சாப்பிடப் போயிருக்கார், வண்டிய விட்டுட்டுப் போங்க," என்பாள். அவர்கள் திரும்பி வரும்போது வண்டி தயாராக இருக்கும். மெக்கானிக் இன்னமும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஃபோர்க் வேலையில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. இரண்டு கால்களையும் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, எண்ணெய் கசியாமல் அடைத்து நிற்கிற ரப்பர் சீல்களை மாற்றி, புது எண்ணெயை அளந்து ஊற்றிக் கொடுத்தாள். அவன் தடத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப பரவாயில்ல," என்று போனான்.

கொஞ்ச நாளிலேயே மறுபடியும் வந்து நின்றான். அதே பேச்சு. இடது பக்கம் இழுக்கிறது.

இந்தத் தடவை அவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்தாள். எண்ணெய் இரண்டு காலிலும் ஒரே மட்டம். குழாய்களைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினாள். கோணலாக இருந்தால் அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரியும், தெரியவில்லை. ஹேண்டில் திரும்புகிற இடத்தில் பேரிங்கைத் தொட்டுப் பார்த்தாள், ஆட்டம் இல்லை. முன்சக்கரத்தைக் கோணலாக மாட்டியிருந்தால்கூட ஃபோர்க் இறுகிப்போகும் என்று அதையும் அவிழ்த்து, வண்டியை நாலு தடவை அமுக்கி விட்டு, அச்சை மறுபடி முடுக்கினாள். ஓட ஓட ஃபோர்க்குக்குள் காற்று சேர்ந்து கல்லாகிவிடுவது உண்டு. மேல் மூடியில் இருக்கிற சின்னத் திருகைத் தளர்த்தினாள். கொஞ்சம் காற்று உஸ்ஸென்று போனது. அதுவாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அதுவும் இல்லை.

"கல்லு மாதிரி இருக்கு ஸ்பானர். விழும்போது கையே கழண்டு போற மாதிரி இருக்கு. கொஞ்சம் இளக்கி விடு."

இளக்கினாள். மறுபடி வந்தான், மறுபடி இளக்கினாள். கடைசியில் அந்த ஃபோர்க் அவன் எடைக்கும் வேகத்துக்கும் பொருத்தமே இல்லாமல் தலையணைபோல ஆகிவிட்டது. இதற்குமேல் இளக்கினால் பெரிய மேட்டிலிருந்து விழும்போது ஃபோர்க் முழுக்க அமுங்கி அடியில் போய் முட்டும். அவள் அதைச் சொன்னபோது அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மத்தவங்க வண்டின்னா ராத்திரி பகலா உக்காந்து பார்ப்ப. அண்ணன் வண்டின்னா தொட்டும் தொடாமலும் முடிச்சுடுவ. அப்படித்தானே?"

அவளுக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. சாவியை வாங்கி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைத் தானே தடத்துக்கு எடுத்துப் போனாள். அவள் ரேஸ் ஓட்டுகிறவள் இல்லை. ஆனாலும் ஒரு வண்டி நேராகப் போகிறதா இல்லையா என்று தெரியாதவளும் இல்லை. சின்ன மேடு, பெரிய மேடு, பள்ளம், வளைவு எல்லாம் போய்ப் பார்த்தாள். நேர் பாதையில் ஒரு கணம் இரண்டு கைகளையும் விட்டும் பார்த்தாள். வண்டி நூல் பிடித்தமாதிரி போனது.

"உனக்கு இழுக்கல, ஏன்னா நீ ஆமை மாதிரி போற," என்றான் புழுதி.

"சரி, நீயே ஓட்டு. நான் நின்னு பார்க்கிறேன்."

பெரிய மேட்டுக்கு அப்பால், வண்டிகள் வந்து விழுகிற இடத்தில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் கண் முழுக்க ஃபோர்க்கின் மேல்தான் இருந்தது. முதல் சுற்றில் ஃபோர்க் ஒழுங்காக அமுங்கி ஒழுங்காக எழுந்தது. சக்கரம் மட்டும் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது. அவன் உடம்பை வளைத்துச் சமாளித்துக்கொண்டு போனான். இரண்டாவது சுற்றிலும் அதேதான். அடுத்த தடவை அவன் மேட்டைத் தாண்டி வந்தபோது, ஏனென்று தெரியவில்லை, அவள் பார்வை ஃபோர்க்கிலிருந்து நழுவி மேலே போனது.

வண்டி தரையைத் தொட்டதும் அவனுடைய வலது முழங்கை விறைப்பாக நின்றது. இடது முழங்கை மடிந்தது. ஈரத்துணி மடிவதுபோல மடிந்தது. வலது கை மட்டும் ஹேண்டிலைத் தள்ள, சக்கரம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டது.

அவள் வைக்கோல் கட்டுகளைத் தாண்டி, அவன் நிறுத்துகிற இடத்துக்கு நடந்தாள்.

அவன் வந்து நிறுத்திக் கையுறையைக் கழற்றினான். இடது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான். அதை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள், அவசரக்காரன் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்கவேண்டிய இடத்தில் குழி விழுந்திருந்தது.

"என்ன, கண்டுபிடிச்சியா?" என்றான்.

"இன்னும் கொஞ்சம் பார்க்கணும்ணா," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவன் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடச் சீருடையெல்லாம் அவள் கையில்தான். மடியில் அண்ணனுடைய சட்டை ஒன்று கிடந்தது. பட்டன்களைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, புது மாடலா?"

அண்ணி சிரிக்கவில்லை. "பட்டன் போட நேரமாகுதுன்னு கத்தறாரு. நான் போட்டு விட்டா அதுக்கும் கோபம். அதான் இப்படி தச்சுட்டா யாருக்கும் தொந்தரவில்லை."

ஸ்பானர் அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அண்ணிதான் ஆரம்பித்தாள். அவன் கையிலிருந்து டம்ளர் நழுவுகிறதாம். தூங்கும்போது தோள்பட்டையில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் சதை துடிக்கிறதாம். கேட்டால் ஃபோர்க் சரியில்லை, அதனால் கை அசந்துபோகிறது என்கிறானாம்.

"ஃபோர்க் சரியானா எல்லாம் சரியாயிடும்னு நானும் நம்பிக்கிட்டிருந்தேன்மா," என்றாள் அண்ணி. "நீ சரி பண்ணிடுவேன்னு நெனச்சேன்."

"ஃபோர்க்ல ஒண்ணுமில்ல அண்ணி," என்றாள் ஸ்பானர்.

அவனிடம் சொல்வதற்கு அவள் நல்ல வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை. அவன் அடுத்த தடவை பட்டறைக்கு வந்தபோது, கையைத் துடைத்துக்கொண்டே, போட்டு உடைத்தாள்.

"அண்ணா, வண்டி நேராத்தான் போகுது. உன் இடது கைதான் மடியுது. டாக்டர்கிட்ட போவோம், நானும் வரேன்."

அவன் முகம் மாறியது. முதலில் சிரித்தான். "மெக்கானிக் சாப்பிடப் போயிட்டாரா, டாக்டரம்மா உக்காந்திருக்கீங்க?" என்றான். அவள் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் குரல் ஏறியது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. உன் வேலைல நொட்டை இருந்தா, அதுக்கு என் கையக் காரணம் சொல்லுவியா? ஊர்ல நீ ஒருத்திதான் மெக்கானிக்கா?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். பிடித்துத் தள்ளியது வலது கைதான். இடது கை சும்மா ஹேண்டிலின்மேல் கிடந்தது. அதை அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் நடையை வேகமாக்கினான்.

ஊரின் மறு கோடியில் இன்னொரு பட்டறை இருந்தது. தொழில் தெரிந்த மனிதர்தான். புழுதி சொன்னதைக் கேட்டுவிட்டு, ஃபோர்க்கைப் பிரித்து, எவனோ இதை அளவுக்குமேல் இளக்கிவைத்திருக்கிறான் என்று சொல்லி, புது ஸ்பிரிங், புது புஷ், புது எண்ணெய் எல்லாம் போட்டு, அவன் எடைக்குத் தகுந்தபடி அமைத்துக் கொடுத்தார். புழுதிக்கு மனம் குளிர்ந்துபோனது. பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஃபோர்க்தான் கோளாறு. என் தங்கச்சி அத விட்டுட்டு என்னை நோயாளி ஆக்கப் பார்த்தா," என்று சொல்லித் திரிந்தான். ஸ்பானர் காதுக்கும் அது வந்தது. பொய்யாக இருக்கக்கூடாதே என்று அவள் மனதார வேண்டிக்கொண்டாள். தன் பெயர் கெட்டால் கெட்டுப்போகட்டும், ஃபோர்க்காகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த ரேஸில் அவன் விழுந்தான். மழை பெய்து ஊறிக்கிடந்த தடம். பெரிய மேட்டைத் தாண்டி வந்து விழுந்ததும் வண்டி இடப்பக்கம் திரும்பி, அவனைத் தோளின்மேல் எறிந்துவிட்டு, சேற்றில் வழுக்கிக்கொண்டு போய் வைக்கோலில் மோதி நின்றது. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்கு இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்புக்குக் கட்டுப் போட்ட டாக்டர், கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் விரல்களைப் பார்த்துவிட்டு, "இது எப்போதிலிருந்து?" என்று கேட்டார். பிறகு நரம்பு டாக்டரைக் கூப்பிட்டார். ஊசி குத்திப் பார்த்தார்கள், மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் நரம்பு டாக்டர் அவனையும் அண்ணியையும் ஸ்பானரையும் உட்காரவைத்து, எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். சதைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. இந்தக் கை, அப்புறம் அந்தக் கை, அப்புறம் கால், தொண்டை. புத்திக்கு ஒன்றும் ஆகாது. மாத்திரை இருக்கிறது, ஆனால் போனதைத் திரும்பக் கொண்டுவராது.

"விழுந்ததாலதானே டாக்டர் இது?" என்று புழுதி கேட்டான்.

"இது இருந்ததாலதான் நீங்க விழுந்திருக்கீங்க," என்றார் டாக்டர்.

அவன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தான். கொஞ்ச நாள் போனதும் அண்ணி பட்டறைக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"அவர் உன்கிட்ட வரப்போறார்மா. வண்டியப் பிரிச்சுப் பார்க்கச் சொல்வாரு. அந்தப் பட்டறைக்காரர் தப்பா மாட்டிட்டாரு, அதனாலதான் விழுந்தேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு." சேலை நுனியைத் திருகிக்கொண்டாள். "ஆமான்னு சொல்லிடேன். ஒரே ஒரு வார்த்தை. எல்லாம் கையவிட்டுப் போகப்போகுது. அந்த ஒரு தடவை விழுந்ததாவது அவரால இல்லன்னு இருக்கட்டும்."

"அந்த மெக்கானிக்கோட பேர் போயிடுமே அண்ணி. தடத்துல ஒருத்தனும் அவர்கிட்ட வண்டி விடமாட்டான்."

"அவரு யாரு எனக்கு?" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு அழுதாள்.

ஸ்பானருக்கு அன்று வேலை ஓடவில்லை. ஒரே போல்ட்டை இரண்டு தடவை கழற்றி இரண்டு தடவை மாட்டினாள்.

அவன் வந்தான். இடது கை கழுத்திலிருந்து கட்டிய துணித் தூளியில் தொங்கியது, அண்ணி பக்கத்தில் நடந்து வந்தாள். தடத்திலிருந்த யாரோ வண்டியை ஏற்கெனவே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சேறு காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தது. அவன் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என் கண் முன்னாடி பிரி," என்றான்.

அவள் முன்சக்கரத்தைக் கழற்றினாள். இரண்டு கால்களையும் உருவினாள். மூடியைத் திறந்து, ஒவ்வொரு காலின் எண்ணெயையும் தனித்தனிக் கண்ணாடி ஜாடியில் வடித்தாள். எண்ணெய் தெளிவாக இருந்தது. இரண்டு ஜாடியும் ஒரே மட்டத்தில் நின்றன. குழாய்களை உருட்டினாள், வளையவில்லை. ஸ்பிரிங் இரண்டும் ஒரே உயரம். அந்த மனிதர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். ஒரு திருகாவது தளர்ந்திருக்காதா என்று அவள் கை தேடியது. இன்னொருவர் வேலையில் குற்றம் கிடைக்கவில்லையே என்று அவள் வருத்தப்பட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

குழாய்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் வைக்கிற வளையம்தான் புஷ். இடது காலின் புஷ்ஷை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புஷ்ஷு தேஞ்சிருக்குண்ணா," என்றாள் ஸ்பானர். குரல் அவளுடையதுபோலவே இல்லை. "இதனால இறுகியிருக்கும். அதான் இழுத்திருக்கு."

புழுதி வலது கையை நீட்டினான். "குடு."

கொடுத்தாள். அவன் அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் தடவினான். அதன் மேல்பூச்சு எங்கேயும் கலையாமல் மினுமினுத்தது. நேரமெடுத்துப் பார்த்துவிட்டு, அவள் கையிலேயே திருப்பி வைத்தான்.

"புதுசு, ஸ்பானர்," என்றான்.

பக்கத்து டயர் கடையில் காற்று அடிக்கிற மிஷின் ஓடி நின்றது.

"நல்ல வேலை பண்ணியிருக்கான் அந்த ஆளு. அவன் மேல போடாத," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "போன சீசன்லயே கிளட்ச் பிடிக்க முடியல. தெரியும் எனக்கு. வண்டின்னா உன்கிட்ட கொண்டாந்து, பாருன்னு சொல்லலாம். கைய எங்க கொண்டு போறது? அதான் வண்டியவே கொண்டாந்துக்கிட்டு இருந்தேன். நீ ஏதாவது ஒண்ணு கண்டுபிடிச்சுடுவேன்னு."

அண்ணி முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். ஸ்பானர் அண்ணனுடைய முக்காலிக்குப் பக்கத்தில், எண்ணெய்க் கறை படிந்த தரையிலேயே உட்கார்ந்தாள். அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. கையெல்லாம் எண்ணெயாக இருந்ததால் அவன் முழங்காலில் நெற்றியை மட்டும் சாய்த்துக்கொண்டாள்.

"ஊர் பூரா உன்னைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றான்.

"காதுல விழுந்துச்சு."

"வருத்தமா இருந்துச்சா?"

"நீ சொல்றது நெஜமா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். பிரித்துக் கிடந்த ஃபோர்க்கைப் பார்த்து, "மூடு. பிரிச்சுப் போட்டபடி விடாதே, பார்க்கவே கஷ்டமா இருக்கு," என்றான்.

அவள் மூடினாள். அந்த வண்டி பிறகு தடத்திலேயே வேறொருவனிடம் போயிற்று. வாங்கிப்போனவன் முதல் சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஃபோர்க் வெண்ணெய்போல இருக்கிறது என்றான். புழுதி அங்கேதான் இருந்தான். "அப்படியா," என்று கேட்டுக்கொண்டான்.

அதற்குப் பின் எல்லாம் டாக்டர் சொன்ன வரிசையில்தான் நடந்தது, வேகம் மட்டும் அவர் சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தது. முறிந்த எலும்பு கூடிவிட்டது. கூடிய கையால் பயன் இல்லை. வலது கையும் மெல்ல அதே வழியில் போனது. அண்ணி சீருடைத் தையலைக் குறைத்துக்கொண்டு அவனுக்கு ஊட்டிவிடவும் குளிப்பாட்டவும் பழகினாள். ஆரம்பத்தில் அதற்கும் எரிந்து விழுந்தான். பிறகு எரிந்து விழவும் தெம்பில்லாமல், நாக்கு குழற ஆரம்பித்தது. தடத்து நண்பர்கள் கொஞ்ச நாள் வந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். பகலில் அவனைத் தனியே விட முடியாது என்பதால், தையல் துணி கொடுத்து வாங்கப் போகிற நாட்களில் அண்ணி அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பட்டறையில் கொண்டுவந்து விடுவாள். தங்கை வேலை செய்வாள், அவன் பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சு அதிகம் இருக்காது.

ஒரு நாள் மத்தியானம் யாரோ ஒரு வாடிக்கையாளரின் வண்டிக்கு ஃபோர்க் வேலை முடித்து, முன்பக்கத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான். ஏதோ சொன்னான். புரியவில்லை. அருகில் போய்க் குனிந்தாள்.

"கை," என்றான். "மேல வை."

புரிந்தது. நாற்காலியை வண்டியோடு ஒட்டித் தள்ளி, அவன் வலது கையைத் தூக்கி ஹேண்டிலின்மேல் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடித்து, நழுவாமல் இருக்கத் தன் கையை அதன்மேல் பொத்திக்கொண்டாள். பிறகு மறு கையால் வண்டியை ஓங்கி அமுக்கி விட்டாள். ஃபோர்க் இறங்கி எழுந்தது. இன்னொரு தடவை.

"சீக்கிரம்... எழும்புது," என்றான் அவன்.

அவள் மறுபடி ஒரு முறை அமுக்கிக் கவனித்துப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். ஃபோர்க் திரும்பி எழுகிற வேகம் ஒரு பொட்டு கூடுதலாக இருந்தது. அவளே கவனிக்காமல் விட்டிருந்தாள்.

"கையில தெரிஞ்சுதாண்ணா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். பதில் சொல்ல அவனுக்கு நேரமானது.

"இல்ல. கண்ணுல தெரிஞ்சுது," என்றான். "கையில ஒண்ணும் தெரியல."

அவள் அவன் விரல்களைப் பிரித்து, கையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். ஒரு துணியால் அதைத் துடைத்துவிட்டாள். பிறகு திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஃபோர்க் எழுகிற வேகத்தைக் குறைக்கிற திருகை ஒரு சொடுக்கு உள்ளே திருப்பினாள்.